பந்தயத் திடலில் அவர்களுக்கும் ஓர் ஓடுபாதை

பொதுக்காலம் 20ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு – வானொலி மறையுரை
வாசகங்கள்: எரேமியா 38:4-6, 8-10, எபிரேயர் 12:1-4, லூக்கா 12:49-53



தியானங்களிலும் மறையுரைகளிலும் அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், அறிவுசார் குறைபாடு உள்ள ஒன்பது பேர் 100 மீட்டர் பந்தயத்தில் ஓடுகிறார்கள். ஒரு சிறுவன் இடறி விழுந்து அழுகிறான். மற்ற எட்டுப் பேரும் ஓட்டத்தை நிறுத்தித் திரும்பி வந்து அவனைத் தூக்கிவிடுகிறார்கள். பிறகு ஒன்பது பேரும் கைகோத்து நடந்து, ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தாண்டுகிறார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டுகிறது.

உள்ளத்தைத் தொடும் கதைதான். ஆனால் நடந்தது வேறு. 1976இல் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஸ்போகேன் நகரில் நடந்த போட்டி அது. ஒருவர் விழுந்தார். ஓரிருவர் திரும்பி வந்து அவரைத் தூக்கி, அவரோடு சேர்ந்து எல்லைக்கோட்டைத் தாண்டினர். மற்றவர்கள் தங்கள் ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். போட்டியை நடத்தியவர்கள் சொல்வது இவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்களை வாழ்த்துகிறோம். தொடர்ந்து ஓடியவர்களை என்ன சொல்வது? அன்பில்லாதவர்கள் என்றா? அவர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு ஒரு பந்தயத்திற்கு வந்தவர்கள். வெல்ல வேண்டும் என்று வந்தவர்கள். நம் பிள்ளைகள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடுவதைப்போலவே அவர்களும் ஓடினார்கள். ‘எட்டுப் பேரும் திரும்பினார்கள்’ என்று கதை வளர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களை வானதூதர்களாகப் பார்ப்பது நமக்கு எளிது. விளையாட்டு வீரர்களாக, நம்மைப்போலவே ஆசையும் முயற்சியும் உள்ளவர்களாகப் பார்ப்பதுதான் கடினம்.

இன்றைய இரண்டாம் வாசகம் ஓட்டப்பந்தயத்தைப் பற்றியது. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகத்தின் ஆசிரியர் நம் வாழ்வை ஒரு பந்தயத் திடலாகக் காட்டுகிறார். சுற்றிலும் திரண்ட மேகம்போல் சாட்சிகள் அமர்ந்திருக்கிறார்கள். ஓடுகிறவர் தம்மேல் உள்ள சுமையை உதறிவிட்டு, இயேசுவின்மீது கண்களைப் பதித்து, மன உறுதியோடு ஓட வேண்டும். இந்த ஓட்டத்தில் அறிவுக்கூர்மை உள்ளவர்களுக்கு மட்டுமே இடம் என்று அவர் எழுதவில்லை. ஆனால் உலகத்தின் விளையாட்டுத் திடலில் சிலருக்கு நெடுங்காலம் இடமே இல்லாமல் இருந்தது. அந்த இடம் எப்படிக் கிடைத்தது, அதிலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன என்று இன்று சிந்திப்போம்.

யார் இவர்கள்?

முதலில் ஒரு தெளிவு. அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. மனநோய் எந்த வயதிலும் எவருக்கும் வரலாம். மருந்தாலும் சிகிச்சையாலும் குணமாகலாம். அறிவுசார் குறைபாடு பிறப்பிலிருந்தோ வளரும் பருவத்திலிருந்தோ இருப்பது. கற்பதும், புரிந்துகொள்வதும், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வதும் இவர்களுக்கு மெதுவாக வரும். டவுன் சிண்ட்ரோம் அதற்கான காரணங்களுள் ஒன்று. மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இவர்கள் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 2,000 பேர் உள்ள ஒரு பங்கில் குறைந்தது 20 பேராவது இருக்க வேண்டும். நம் ஞாயிறு திருப்பலியில் எத்தனை பேரைப் பார்க்கிறோம்? மற்றவர்கள் எங்கே?

பெரும்பாலும் வீட்டுக்குள்ளேதான். உறவினர் வந்தால் உள் அறைக்குப் போகச் சொல்லப்படுகிறவர்கள், கல்யாண வீட்டுக்கு அழைத்துச் செல்லப்படாதவர்கள், குடும்ப அட்டையில் பெயர் இருந்தும் குடும்பப் புகைப்படத்தில் இல்லாதவர்கள் பலர். இது ஏழை வீட்டுக் கதை மட்டுமல்ல. அமெரிக்காவின் புகழ்பெற்ற கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றிலும் இதுவே நடந்தது.

ஒளித்து வைக்கப்பட்ட அக்கா

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியின் தங்கை ரோஸ்மேரி 1918இல் பிறந்தார். அவருக்கு அறிவுசார் குறைபாடு இருந்தது. ஆனாலும் சிறுவயதில் அண்ணன் தம்பி, தங்கையரோடு நீந்தினார், விளையாடினார். அவருடைய தங்கை யூனிஸ் பாய்மரப் படகுப் பந்தயங்களுக்கு அக்காவையும் தம் படகில் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். சொன்னதைச் சரியாகச் செய்து அக்கா பந்தயத்தில் பங்கெடுப்பதை அவர் கண்ணால் பார்த்தார்.

1941இல், ரோஸ்மேரிக்கு 23 வயதானபோது, தந்தை அவருக்கு மூளையில் ஓர் அறுவை சிகிச்சை செய்ய ஏற்பாடு செய்தார். அந்நாளில் அது புதிய மருத்துவம் என்று பேசப்பட்டது. விளைவு கொடுமையானது. நடந்தும் பேசியும் வந்த பெண், நடையையும் பேச்சையும் பெருமளவு இழந்தார். அதன்பின் குடும்பம் அவரைப் பற்றி வெளியே பேசவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் அருள்சகோதரிகள் நடத்திய இல்லம் ஒன்றில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து, 2005இல் இறந்தார்.

இன்றைய முதல் வாசகத்தில் எரேமியாவைப் பாழுங்கிணற்றில் இறக்கிவிடுகிறார்கள். அவர் சேற்றில் அமிழ்ந்துபோகிறார். கொலை செய்யவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டார்கள், அவ்வளவே. ஒளித்து வைப்பதும் ஒரு பாழுங்கிணறுதான்.

அந்தக் கிணற்றருகே முதலில் குரல் கொடுத்தவர் யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். 1962இல், அண்ணன் அதிபராக இருந்த காலத்திலேயே, தம் அக்காவின் குறைபாட்டைப் பற்றிப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு மேரிலாந்து மாநிலத்தில் இருந்த தம் வீட்டுத் தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கோடைக்கால முகாம் ஒன்றைத் தொடங்கினார். இளைஞர்கள் உடனிருந்து பிள்ளைகளுக்கு நீச்சலும் பந்து விளையாட்டும் குதிரை ஏற்றமும் பழக்கினார்கள்.

‘இந்தப் பிள்ளைகளுக்கு உடலில் பலம் கிடையாது, விளையாட வராது’ என்பதே அந்நாள் நம்பிக்கை. கனடாவில் ஃபிராங்க் ஹேடன் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். அவர்கள் உடல் தளர்ந்திருந்தது உண்மை. ஆனால் காரணம் குறைபாடு அல்ல; ஓடவும் ஆடவும் யாரும் விடாததே காரணம். முறையான பயிற்சி கொடுத்தபோது உடல் தேறியது. ‘அவனால் முடியாது’ என்று நாம் உட்கார வைத்தோம். உட்கார்ந்தே இருந்ததால் அவனால் முடியாமல் போயிற்று. இதை நம் வீடுகளிலும் பார்க்கலாம்.

சிகாகோவில் ஒரு காலி அரங்கம்

1968 ஜூலை 20ஆம் நாள், சிகாகோ நகரின் சோல்ஜர் ஃபீல்ட் அரங்கில் முதலாவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகள் நடந்தன. யூனிஸின் தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஆறு வாரமே ஆகியிருந்தது. துக்கத்தோடுதான் யூனிஸ் அங்கு வந்து போட்டியைத் தொடங்கி வைத்தார். அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஏறத்தாழ 1,000 பேர் கலந்துகொண்டார்கள். ஓடினார்கள், தாண்டினார்கள், நீந்தினார்கள்.

பல்லாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கில் பார்வையாளர் நூறு பேர்கூட இல்லை. எபிரேயர் திருமுகம் சொல்லும் மேகம்போன்ற சாட்சிகள் அன்று இல்லை. ஓடத் துணிந்தவர்கள் இருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் இல்லை.

அங்கு எடுக்கப்பட்ட உறுதிமொழி இன்றும் ஒவ்வொரு போட்டியிலும் எடுக்கப்படுகிறது. அதன் பொருள் இதுதான்: நான் வெல்ல வேண்டும்; வெல்ல இயலாவிட்டாலும் என் முயற்சியில் துணிவோடு இருக்க வேண்டும். எது முதலில் வருகிறது என்று கவனியுங்கள். ‘நான் கலந்துகொண்டால் போதும்’ என்பதல்ல. ‘நான் வெல்ல வேண்டும்’ என்பதே முதல் விருப்பம். திருத்தூதர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் இதையே சொல்கிறார்: பரிசு பெறும் நோக்கோடு ஓடுங்கள் என்கிறார். சும்மா ஓடச் சொல்லவில்லை.

அக்குளில் வைத்த பழந்துணி

இங்கே ஒரு கேள்வி எழும். ஒருவர் நன்றாக ஓடுவார். இன்னொருவர் தட்டுத் தடுமாறி நடப்பார். இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் அது போட்டியா? முதலாமவருக்கு அது வெற்றியல்ல, இரண்டாமவருக்கு அது அவமானம். அப்படியென்றால் எல்லாருக்கும் பரிசு கொடுத்து அனுப்பிவிடலாமா?

ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இதற்கு வேறு வழி கண்டது. முதலில் எல்லாரையும் ஒரு முதல் சுற்றில் ஓடவிட்டு நேரத்தைக் குறிக்கிறார்கள். பிறகு வயது, ஆண் பெண், திறன் ஆகியவற்றைப் பார்த்து, ஏறத்தாழ ஒரே வேகம் உள்ளவர்களை ஒரு பிரிவில் சேர்க்கிறார்கள். ஒரு பிரிவில் மூவர் முதல் எட்டுப் பேர் வரை இருப்பார்கள். முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் இடையே வேறுபாடு ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அதாவது ஒரு பிரிவில் வேகமானவர் 20 விநாடியில் ஓடினால், அந்தப் பிரிவில் மெதுவானவர் 23 விநாடிக்குள் ஓடுகிறவராக இருப்பார். 40 விநாடியில் ஓடுகிறவர் தம்மைப் போன்றவர்களோடு வேறு பிரிவில் ஓடுவார். அதனால் ஒவ்வொரு பந்தயத்திலும் யார் வெல்வார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. முதல் மூவருக்குப் பதக்கம். மற்றவர்களுக்கு அவரவர் இடத்தைக் குறிக்கும் ரிப்பன்.

எளிய பிரிவில் சேர்வதற்காக முதல் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓடிவிட்டு, இறுதிச் சுற்றில் வேகமெடுத்தால்? அதற்கும் விதி உண்டு. அளவுக்கு மீறி வேகம் கூடியிருந்தால், அவர் முதலில் உண்மையாக முயலவில்லை என்று தகுதி நீக்கம் செய்யலாம். ‘பாவம், குழந்தை மாதிரி’ என்று விட்டுவிடுவதில்லை. விதியை மீறினால் கேட்பதும் மரியாதையே. பொறுப்புள்ளவர் என்று மதிப்பவரிடம்தானே கணக்குக் கேட்போம்?

மீண்டும் எரேமியாவிடம் வருவோம். இன்றைய வாசகத்தில் எத்தியோப்பியரான எபேது மெலேக்கு அவருக்காக அரசரிடம் பரிந்து பேசுகிறார். வாசகம் அதோடு முடிகிறது. ஆனால் அடுத்த மூன்று வசனங்களை வீட்டில் எடுத்து வாசியுங்கள். எபேது மெலேக்கு கயிற்றை மட்டும் கொண்டுபோகவில்லை. அரண்மனையிலிருந்து கந்தல் துணிகளையும் எடுத்துப்போகிறார். கயிறு அறுக்காதபடி அந்தத் துணிகளை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறார். பிறகுதான் மேலே தூக்குகிறார்கள். உதவி என்பது கயிற்றை வீசுவது மட்டுமல்ல. அவர் உடலுக்கு ஏற்றபடி அதைச் சீராக்குவது. முதல் சுற்றும் பிரிவுகளும் நேரக்கணக்கும் அந்தப் பழந்துணி செய்த வேலையைத்தான் செய்கின்றன. பந்தயம் பந்தயமாகவே இருக்கிறது. ஓடுகிறவர் அதில் காயப்படுவதில்லை.

ஏமாற்றியவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும்

இந்த நேர்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேதனையான சான்று ஒன்று உண்டு. பாராலிம்பிக் போட்டி என்பது வேறு அமைப்பு. அதில் பெரும்பாலும் உடல் குறைபாடும் பார்வைக் குறைபாடும் உள்ளவர்கள் உலகின் மிக உயர்ந்த தரத்தில் போட்டியிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டு சிட்னியில் நடந்த பாராலிம்பிக்கில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்தில் ஸ்பெயின் அணி தங்கம் வென்றது. பிறகு அந்த அணியிலேயே விளையாடிய கார்லோஸ் ரிபகோர்தா என்ற பத்திரிகையாளர் உண்மையை வெளியிட்டார். அணியில் இருந்த 12 பேரில் 10 பேருக்கு எந்த அறிவுசார் குறைபாடும் இல்லை!

தங்கம் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் தண்டனை அதோடு நிற்கவில்லை. குறைபாட்டைச் சரிபார்க்க நம்பகமான முறை இல்லை என்று சொல்லி, 2004, 2008 பாராலிம்பிக் போட்டிகளில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிவுகளே நடத்தப்படவில்லை. 2012இல் லண்டனில்தான், தடகளம், நீச்சல், மேசைப்பந்து ஆகிய மூன்று விளையாட்டுகளில் அவர்கள் மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். பொய் சொன்னவர்கள் குறைபாடில்லாதவர்கள். 12 ஆண்டுகள் கதவுக்கு வெளியே நின்றவர்களோ எந்தத் தவறும் செய்யாதவர்கள். வாழ்வில் ஒரே ஒரு முறை வரக்கூடிய வாய்ப்பைப் பலர் அதனால் இழந்தார்கள். எளியவரின் பெயரால் வரும் சலுகையை வலியவர் எடுத்துக்கொள்ளும்போது நேர்வது இதுதான்.

தோல்வி மனதை உடைக்காதா?

பெற்றோர் சிலர் கேட்கலாம்: ‘ஃபாதர், என் பிள்ளை ஏற்கெனவே நிறையப் பட்டுவிட்டான். இனி போட்டியில் தோற்று வேறு அழ வேண்டுமா?’ இந்தக் கேள்வியில் அன்பு இருக்கிறது. ஆனால் தோல்வியிலிருந்து ஒருவரைக் காப்பாற்றும் மதில், வெற்றியிலிருந்தும் அவரைப் பிரித்துவிடுகிறது. தோற்று அழுது, அடுத்த நாள் மீண்டும் பயிற்சிக்குப் போவதும் மனிதராக வளர்வதன் ஒரு பகுதியே.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1953இல் பிறந்தவர் லொரெட்டா கிளைபோர்ன். அறிவுசார் குறைபாட்டோடு பார்வைக் குறைபாடும் இருந்தது. நான்கு வயது வரை நடக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பள்ளியில் கேலிக்கு ஆளானார். கோபத்தில் சண்டைக்குப் போனார். ஓடத் தொடங்கியபின் அந்தக் கோபத்திற்கு ஒரு வழி கிடைத்தது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் தொடங்கி, 42 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டங்கள் 26 ஓடி முடித்தார். 1996இல் துணிவுக்காக வழங்கப்படும் ஆர்தர் ஆஷ் விருதைப் பெற்றார். விழாமல் ஓடியதால் அவர் வளர்ந்துவிடவில்லை. ஓட ஓர் இடம் கிடைத்ததால் வளர்ந்தார்.

இன்று ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸில் எட்டு வயது நிறைந்த எவரும் போட்டியிடலாம். மேல்வயது வரம்பு இல்லை. குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணியில் சேர்ந்து ஆடும் போட்டிகளும் உண்டு. 1997 முதல் போட்டி நடக்கும் இடத்திலேயே கண், காது, பல் ஆகியவற்றைப் பரிசோதிக்கும் முகாம்களும் நடக்கின்றன. ‘எனக்கு வலிக்கிறது’ என்று சரியாகச் சொல்லத் தெரியாததால், பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காத பல்வலியும் பார்வைக் குறைவும் அங்கே தெரியவருகின்றன.

நம் நாட்டினரும் இதில் பின்தங்கவில்லை. 2023 ஜூனில் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் இந்திய அணி 76 தங்கம் உட்பட 202 பதக்கங்கள் பெற்றது. இத்தனை பதக்கமா என்று வியக்க வேண்டாம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனிப் பதக்கம் உண்டு என்று பார்த்தோம் அல்லவா? எண்ணிக்கையைவிட, அந்த ஒவ்வொரு பதக்கத்துக்கும் பின்னால் விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, பேருந்தில் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற ஒரு தாயோ தந்தையோ ஆசிரியரோ இருக்கிறார் என்பதே பெரிது.

சாட்சிகளாகிய மேகம் நாமே

1968இல் சிகாகோ அரங்கம் காலியாக இருந்தது. 35 ஆண்டுகளுக்குப்பின், 2003இல், கோடைக்கால உலகப் போட்டி முதன்முறையாக அமெரிக்காவுக்கு வெளியே, அயர்லாந்தில் நடந்தது. டப்ளின் நகரின் க்ரோக் பார்க் அரங்கு மக்களால் நிரம்பி வழிந்தது. நெல்சன் மண்டேலா வந்து தொடக்க விழாவில் கலந்துகொண்டார். ஏறத்தாழ 30,000 பேர் தன்னார்வத்தோடு பணி செய்தார்கள். ஊர் ஊராக மக்கள் ஒவ்வொரு நாட்டு அணியையும் தங்கள் விருந்தினராக ஏற்று உபசரித்தார்கள். ஓடியவர்கள் அதே போன்றவர்கள்தான்; மாறியது பார்வையாளர் மாடம். மாடத்தில் அமர வேண்டியவர்கள் நாம்.

நம் பங்கில் இதை எங்கே தொடங்கலாம்? மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நாவு. ‘லூசு’, ‘மென்டல்’ என்ற சொற்களை விளையாட்டாகச் சொல்கிறோம். நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். அடுத்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் தாய் அதைக் கேட்டுக்கொண்டுதான் நடந்து போகிறாள். எபிரேயர் திருமுகம் உதறச் சொல்லும் சுமைகளில் இந்தச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பங்குத் திருவிழா விளையாட்டுப் போட்டிகள். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளைக் கடைசியில் மேடைக்கு அழைத்து, ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் கொடுத்துக் கைதட்டி அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக அவர்களை ஓடவிட்டு நேரம் குறியுங்கள். ஒத்த வேகம் உள்ளவர்களைச் சேர்த்து உண்மையான பந்தயம் வையுங்கள். ஆட்கள் போதாவிட்டால் பக்கத்துப் பங்குகளையும் அருகிலுள்ள சிறப்புப் பள்ளியையும் அழையுங்கள். முதலில் வந்தவருக்கு முதல் பரிசு கொடுங்கள். தோற்றவரின் தோளில் தட்டி, ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகளிடம் அப்படித்தானே சொல்கிறோம்? டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாள். அதையொட்டிப் போட்டிகள் நடக்கும் இடங்களுக்கு இளையோர் குழுவினர் போய் அமர்ந்து உற்சாகப்படுத்தலாம்.

மூன்றாவது, கோவில். திடலில் இடம் கொடுத்துவிட்டுப் பீடத்தருகே மறுத்தால் அது முரண். மறைக்கல்வி வகுப்பிலும் புதுநன்மைத் தயாரிப்பிலும் பீடப் பணியிலும் அவர்களுக்கு ஏற்ற வேகத்தில் இடம் கொடுப்போம். திருப்பலி நேரத்தில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல குடும்பங்கள் வீட்டில் இருந்துவிடுகின்றன. ‘எனக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?’ என்பது அந்தப் பெற்றோரை இரவில் உறங்கவிடாத கேள்வி. அதற்கு ஒரு பங்குச் சமூகம் தரும் முதல் பதில், அவன் பெயரைத் தெரிந்து வைத்திருப்பதே.

அன்புள்ளவர்களே, இயேசுவும் தம் முன் வைக்கப்பட்டிருந்த மகிழ்ச்சியை எண்ணிச் சிலுவையின் அவமானத்தைப் பொருட்படுத்தாமல் ஓடி முடித்தார் என்று இன்றைய வாசகம் சொல்கிறது. அவமானத்தைப் பொருட்படுத்தாமல் ஓடுவது எப்படி என்று இந்தச் சகோதரர்களும் சகோதரிகளும் நமக்குக் கற்றுத் தருகிறார்கள். அவர்கள் ஓடட்டும். வெல்லட்டும், சில நாள் தோற்கட்டும். நாம் மாடத்தில் இருப்போம்.

அன்புத் தந்தையே, நாங்கள் மறைத்து வைத்தவர்களை நீர் பெயர் சொல்லி அழைக்கிறீர். அவர்களுக்கு உரிய ஓடுபாதையைத் திறந்துவிடும் நல்ல மனத்தையும், பொறுமையுள்ள கைகளையும் எங்களுக்குத் தாரும். அவர்களை வளர்க்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உடல் வலிமையும் மன அமைதியும் அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.